இயங்குதள வட்டின் மீட்பு: டிரெஸ்டன் தரும் சான்றுகளும் தமிழ்த் தரவுப் பாதுகாப்பும்

முன்னுரை

கணினியில் உருவான ஒரு நூலைக் காப்பது என்றால், அந்நூலின் கோப்பைப் படியெடுத்து வேறோரிடத்தில் வைப்பது என்றே பலரும் கருதுகின்றனர். இக்கருத்து பாதியளவே உண்மை. கோப்பைத் திறக்கும் மென்பொருள், அதிலுள்ள குறிகளைத் தமிழ் எழுத்துகளாகக் காட்டும் எழுத்துரு, தட்டச்சுக்கு உதவிய விசைப்பலகை நிரல், இவற்றையெல்லாம் தாங்கிநிற்கும் இயங்குதளம் ஆகியன பெரும்பாலும் கோப்பினுள் இருப்பதில்லை. அவை கணினியின் இயங்குதள வட்டில் உள்ளன. அவ்வட்டு பழுதுற்றால், காப்பாற்றிய கோப்பு கையில் இருந்தும் படிக்க இயலாத நிலை நேரும். ஒருங்குறி பரவுவதற்கு முன் தட்டச்சிடப்பெற்ற தமிழ் நூல்கள், ஆய்வேடுகள், இதழ்கள் பலவற்றுக்கு இந்த இடர் இன்றும் உள்ளது.

இயங்குதள வட்டைக் காப்புநகலிலிருந்து மீட்டெடுக்கும் முறை, அம்மீட்பு தவறும் இடங்கள், தமிழ்த் தரவுகளைப் பேணுவோர்க்கு அதனால் விளையும் பயன் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நகல் இருப்பதும் நகலிலிருந்து மீள்வதும் வேறு வேறு என்பதற்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் தெளிவான சான்றுகளை வழங்குவதால், விளக்கம் அங்கிருந்து தொடங்குகிறது.

1. டிரெஸ்டன் காட்டும் இரு சான்றுகள்

டிரெஸ்டன் தமிழாய்வுலகிற்கு முற்றிலும் புதிய பெயரன்று. 1836ஆம் ஆண்டு இந்நகரில் தொடங்கப்பெற்ற லுத்தரன் மிஷன் சங்கமே 1848இல் லைப்சிக் நகருக்கு இடம்பெயர்ந்து லைப்சிக் மிஷன் என அறியப்பட்டது. அதன் இயக்குநராக விளங்கிய கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஐரோப்பியர்க்கு அறிமுகப்படுத்தியவர். எனினும் இக்கட்டுரைக்கு வேண்டிய சான்றுகள் அந்நகரின் நூலகத்திலும் கணினித் தொழில் வரலாற்றிலும் கிடைக்கின்றன.

முதற்சான்று, டிரெஸ்டன் சுவடி எனப்படும் மாயர் இன மக்களின் மடிப்பு நூல். 39 ஏடுகளும் எழுத்துள்ள 74 பக்கங்களும் கொண்ட இந்நூல் 1739இல் வியன்னாவில் பெறப்பட்டு, சாக்சனி அரசவை நூலகத்தைச் சேர்ந்தது. இன்று அது சாக்சனி மாநில நூலகமும் டிரெஸ்டன் பல்கலைக்கழக நூலகமும் இணைந்த பெருநூலகத்தில் உள்ளது. அகொஸ்தினோ அலியோ என்னும் ஓவியர் 1820களின் நடுப்பகுதியில் இதனைக் கையால் வரைந்து படியெடுத்தார். நூலகர் எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டெமான் 1880இலும் 1892இலும் வண்ண உருநகல்களை வெளியிட்டார். 1945 பிப்ரவரியில் நகரம் குண்டுவீச்சுக்கு உள்ளானபோது சுவடி நீரால் சேதமுற்றது. மூலத்தில் மங்கியும் அழிந்தும் போன நுட்பங்களை இன்றைய ஆய்வாளர் அந்த 19ஆம் நூற்றாண்டுப் படிகளின் துணைகொண்டே காண்கின்றனர். சேதத்திற்கு முன்பே எடுக்கப்பட்டு வேறு இடங்களுக்குப் பரவிய படிகள் காப்புநகலாயின.

இச்சுவடியில் மற்றொரு பாடமும் உண்டு. மடிப்பு நூல் இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுக் கண்ணாடிகளுக்கிடையே வைக்கப்பட்டது. வழக்கில் நிலைத்த பக்க எண்கள் நூலின் இயல்பான வரிசையோடு பொருந்தவில்லை. 1 முதல் 24 வரை படித்தபின் 46 முதல் 74 வரையும், அதன்பின் 25 முதல் 45 வரையும் படிப்பதே உரிய முறை என்பதை ஆய்வாளர் பின்னர் நிறுவினர். பக்கங்கள் அனைத்தும் இருந்தும் வரிசை பற்றிய அறிவு இல்லையேல் நூல் முழுமை பெறாது.

இரண்டாவது சான்று கணினி சார்ந்தது. கிழக்கு ஜெர்மனியின் கணினித் தொழிலுக்குத் தலைமை தாங்கியதும் டிரெஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டிருந்ததுமான ரோபோட்ரான் கூட்டுநிறுவனம் 1969இல் உருவாயிற்று. 1990இல் ஜெர்மனி ஒன்றிணைந்த காலத்தில் அது கலைந்தது. அந்நிறுவனத்தின் பிசி 1715 போன்ற அலுவலகக் கணினிகள் வன்தட்டு இல்லாதவை. எஸ்சிபி என்னும் இயங்குதளம் பதிந்த நெகிழ்வட்டைச் செருகினால்தான் அவை இயங்கும். அவ்வட்டு இல்லாத கணினி வெறும் பெட்டி. அதில் உருவான ஆவண வட்டுகளும் அக்கணினியில் பயன்படா. உருவாக்கிய நிறுவனம் மறைந்தபின், இயங்குதள வட்டின் நகலை யார் வைத்திருந்தாரோ அவரிடமே அக்கணினியின் உயிரும் இருந்தது.

2. இயங்குதள வட்டின் உள்ளமைப்பு

இன்றைய கணினியின் இயங்குதள வட்டு வெறும் கோப்புகளின் குவியலன்று. கணினிக்கு மின்சாரம் கிடைத்தவுடன், தாய்ப்பலகையிலுள்ள நிலைபொருள் முதலில் விழிக்கிறது. அது வட்டில் குறித்த ஓரிடத்தில் துவக்க நிரலைத் தேடுகிறது. துவக்க நிரல் இயங்குதளத்தின் கருவை நினைவகத்தில் ஏற்றுகிறது. கரு தனக்கு வேண்டிய இயக்கிகளை ஏற்றி, கோப்புகள் உள்ள பிரிவை அடையாளம் கண்டு, ஏனைய பணிகளைத் தொடங்குகிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கணினி எழாது.

பழைய முறையில் வட்டின் முதல் 512 பைட்டுகள் இப்பணிக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றில் 446 பைட்டுகள் துவக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் வட்டின் பிரிவுகள் எங்கெங்கே தொடங்கி எவ்வளவு நீள்கின்றன என்னும் அட்டவணைக்கும், எஞ்சிய 2 பைட்டுகள் முத்திரைக் குறிக்கும் உரியவை. இந்த 512 பைட்டுகள் எந்தக் கோப்புறையிலும் தென்படுவதில்லை. ஆகவே கோப்புகளை மட்டும் படியெடுப்பவர் இதனை எடுக்கத் தவறுகிறார். டிரெஸ்டன் சுவடியின் பக்க வரிசை பற்றிய அறிவு எத்தகையதோ, வட்டுக்குப் பிரிவு அட்டவணையும் அத்தகையது.

ஜிபிடி எனப்படும் புதிய முறையில் பிரிவு அட்டவணை வட்டின் தொடக்கத்திலும், அதன் மறுபடி வட்டின் இறுதியிலும் எழுதப்படுகிறது. தொடக்கத்திலுள்ளது சிதைந்தால் இறுதியிலுள்ளதைக் கொண்டு சீர்செய்யலாம். துவக்க நிரலுக்கெனத் தனியே ஒரு சிறு பிரிவும் உண்டு. இயங்குதளப் பிரிவை மட்டும் நகலெடுத்து இச்சிறு பிரிவை விட்டுவிடுவது அடிக்கடி நேரும் பிழையாகும்.

3. கோப்பு நகலும் வட்டுப்படிமமும்

காப்புநகல் இருவகைப்படும். கோப்புகளைத் தனித்தனியே படியெடுப்பது கோப்பு நகல். வட்டின் பிரிவு அட்டவணை, துவக்கப் பகுதி, எல்லாப் பிரிவுகள் ஆகியவற்றை இருந்தவாறே ஒரே தொகுப்பாகப் பதிவது வட்டுப்படிமம். நாள்தோறும் மாறும் கட்டுரைகள், படங்கள், தரவுத்தளங்களுக்குக் கோப்பு நகல் ஏற்றது. வேண்டிய ஒரு கோப்பை மட்டும் எளிதில் எடுக்கலாம். இயங்குதள வட்டுக்கு வட்டுப்படிமமே ஏற்றது. குளோன்சில்லா போன்ற கட்டற்ற மென்பொருள்கள் பயன்பாட்டிலுள்ள பகுதிகளை மட்டும் பதிவதால் படிமத்தின் அளவும் குறைகிறது. பழுதுறத் தொடங்கிய வட்டிலிருந்தோ, அழிக்கப்பட்ட கோப்புகளையும் ஆராய வேண்டிய நிலையிலோ, ஒரு பைட்டும் விடாது முழு வட்டையும் படியெடுப்பது நலம்.

இயங்கிக்கொண்டிருக்கும் கணினியைப் படியெடுப்பதில் ஒரு சிக்கல் உள்ளது. நகலெடுக்கும் நேரத்திலேயே கோப்புகள் மாறிக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் எடுத்த பகுதியும் இறுதியில் எடுத்த பகுதியும் ஒன்றோடொன்று முரணலாம். இதனைத் தவிர்க்க, ஒரு கணத்தின் நிலையை உறைய வைத்துப் படியெடுக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். அல்லது கணினியை நிறுத்தி, வெளி ஊடகத்திலிருந்து துவக்கிப் படியெடுக்க வேண்டும். இரண்டாவது முறை சற்று நேரம் கொள்ளினும் பழைய கணினிகளுக்கு அதுவே நம்பத்தக்கது.

4. மீட்பின் படிநிலைகள்

மீட்பு என்பது அவசரத்தில் செய்யப்படும் பணி. அவசரமே பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணமாவதால், செய்ய வேண்டியவற்றை வரிசையாக அறிந்திருத்தல் தேவை.

முதலாவதாக, பழுதுற்ற வட்டைக் கழற்றி, பெயர் எழுதி, தனியே வைக்க வேண்டும். அதன்மீதே மீட்பை எழுதலாகாது. காப்புநகல் பயன்படாது போயின், எஞ்சியவற்றை மீட்க அவ்வட்டு ஒன்றே வழி.

இரண்டாவதாக, காப்புநகல் எழுதிய நாளிலிருந்து மாறாமல் உள்ளதா எனச் சரிபார்க்க வேண்டும். படிமம் உருவான அன்றே எஸ்எச்ஏ-256 போன்ற முறையில் சரிபார்ப்புக் குறியைக் கணித்து எழுதிவைத்திருந்தால், இன்று மீண்டும் கணித்து ஒப்பிடலாம். ஒரு பிட் மாறியிருப்பினும் குறி முற்றிலும் வேறுபடும்.

மூன்றாவதாக, யுஎஸ்பி போன்ற வெளி ஊடகத்திலிருந்து கணினியைத் துவக்க வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் இயங்குதளம் தான் நிற்கும் வட்டையே முழுவதும் மாற்றி எழுதுவது, அமர்ந்த கிளையை வெட்டுவதற்கு ஒப்பாகும். இந்த மீட்பு ஊடகத்தை முன்னரே உருவாக்கி, குறித்த கணினியில் அது துவங்குகிறதா எனச் சோதித்து வைத்திருத்தல் நன்று.

நான்காவதாக, எழுதப்படவேண்டிய வட்டு எது என உறுதிசெய்ய வேண்டும். மீட்பு மென்பொருள் வட்டுகளை எண்ணாலோ எழுத்தாலோ குறிக்கிறது. அக்குறி ஒவ்வொரு துவக்கத்திலும் மாறக்கூடும். வட்டின் கொள்ளளவு, தயாரிப்புப் பெயர், வரிசை எண் மூன்றையும் ஒப்பிட்டபின்னரே முன்செல்ல வேண்டும். காப்புநகல் உள்ள வட்டையே இலக்காகத் தெரிவு செய்து அழித்துவிடும் பிழைக்கு மாற்று இல்லை. பழைய வட்டைவிடப் புதியது சிறிதளவும் குறைவான கொள்ளளவு கொண்டிருத்தல் ஆகாது. ஒரே அளவெனப் பெட்டியில் அச்சிடப்பட்ட இரு வட்டுகளின் உண்மைக் கொள்ளளவு சற்றே வேறுபடலாம்.

ஐந்தாவதாக, படிமத்தை எழுதி முடித்தபின், மூல வட்டு இணைந்திருந்தால் அதனைக் கழற்றிவிட்டே முதல் துவக்கத்தைச் செய்ய வேண்டும். படிமத்தோடு வட்டின் அடையாள எண்களும் படியெடுக்கப்பட்டிருப்பதால், ஒரே அடையாளமுடைய இரு வட்டுகளைக் காணும் கணினி குழம்பும்.

இறுதியாக, வலையிணைப்பைத் துண்டித்த நிலையில் கணினியைத் துவக்கி, மென்பொருள்களையும் எழுத்துருக்களையும் சோதிக்க வேண்டும். படிமம் எடுத்த நாளுக்குப்பின் உருவான ஆவணங்களைக் கோப்பு நகலிலிருந்து சேர்க்க வேண்டும். வட்டுப்படிமமும் கோப்பு நகலும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல என்பது இந்நிலையில் விளங்கும்.

5. மீட்பு தவறும் இடங்கள்

படிமம் பழுதின்றி எழுதப்பட்டும் கணினி துவங்காமற்போவதுண்டு. அதற்குரிய காரணங்கள் பெரும்பாலும் வட்டுக்கு வெளியே உள்ளன. பழைய முறையில் நிறுவப்பட்ட இயங்குதளத்தைப் புதிய யுஇஎஃப்ஐ முறையில் துவக்க முயலும்போது நிலைபொருள் அதனைக் காண்பதில்லை. தாய்ப்பலகையில் வட்டுக் கட்டுப்பாட்டின் முறை மாறியிருப்பின், அதற்குரிய இயக்கி இல்லாமல் இயங்குதளம் பாதியில் நின்றுவிடும். லினக்ஸ் கணினியில் பிரிவுகளைப் புதிதாக உருவாக்கிக் கோப்புகளை மட்டும் இட்டால், அவற்றின் அடையாள எண்கள் மாறிவிடும். அமைவுக் கோப்பிலோ பழைய எண்களே இருக்கும். இவற்றைச் சீர்செய்வது கடினமன்று. ஆனால் பழைய கணினியின் அமைவு விவரங்கள் தாளில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

மறையாக்கம் மற்றோர் இடர். விண்டோஸ் கணினியின் பிட்லாக்கர் காப்பு, வட்டு வேறு கணினிக்கு மாறினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அவ்வெண் அதே வட்டில் மட்டும் சேமிக்கப்பட்டிருந்தால், சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதற்குச் சமம்.

படிமமே பழுதைத் தாங்கியிருக்கலாம் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். தீநிரல் புகுந்தபின் எடுத்த படிமம் தீநிரலையும் மீட்டெடுக்கும். ஆகவே ஒரே படிமத்தை மீண்டும் மீண்டும் மேலெழுதாமல், வெவ்வேறு காலத்துப் படிமங்களைத் தனித்தனியே வைக்க வேண்டும். இரு வட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு அமைப்பு காப்புநகல் ஆகாது என்பதற்கும் இதுவே காரணம். ஒன்றில் நேரும் அழிப்பு அக்கணமே மற்றொன்றிலும் நேர்ந்துவிடும்.

6. தமிழ்க் கணினிகளின் தனிநிலை

மேற்கூறியவை எம்மொழிக் கணினிக்கும் பொருந்துவன. தமிழுக்குத் தனியே உரிய இடர் குறியேற்றத்தால் விளைகிறது. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றதெனினும், நடைமுறையில் அது பரவப் பல்லாண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றத்தைக் கொண்டிருந்தது. டிஸ்கி இணையத்தில் பரவியது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் ஆகிய குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தமிழ்நாட்டில் ஏற்கப்பட்டன. ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி எழுத்துரு பெருவழக்காயிற்று. 2010இல்தான் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக ஏற்று ஆணையிட்டது.

பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்னும் சொல்லைத் தட்டச்சிட்டால், வட்டில் பதிவாவன நான்கு ரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. அவ்வெழுத்துரு நிறுவப்படாத கணினியில் அதே கோப்பு பொருளற்ற ரோமன் எழுத்துக் கோவையாகத் தோன்றும். பாமினி போன்ற பரவலான எழுத்துருக்களுக்கு மாற்றிகள் கிடைக்கின்றன. ஓர் அச்சகமோ இதழோ தன் தேவைக்கெனத் திருத்தி அமைத்துக்கொண்ட எழுத்துருவாயின், எந்தக் குறி எந்த எழுத்தைச் சுட்டும் என்பதற்கு அந்த எழுத்துருக் கோப்பு ஒன்றே ஆதாரம். அது இருந்த இடம் இயங்குதள வட்டு. ஆவணக் கோப்புறையை மட்டும் நாள்தோறும் தவறாமல் படியெடுத்த நிறுவனம், வட்டு பழுதான நாளில் சொற்களைக் காத்து எழுத்தை இழந்ததாகிவிடும்.

அச்சுக்கோப்பு மென்பொருள்களால் இச்சிக்கல் மேலும் கூடுகிறது. பேஜ்மேக்கர் போன்ற மென்பொருள்களில் வடிவமைத்த பக்கங்களைத் திறக்க உரிய பதிப்பும் வேண்டும். சில தமிழ் மென்பொருள்கள் கணினியின் பின்புறத்தில் செருகப்படும் பூட்டுக்கருவி இருந்தால் மட்டுமே இயங்கின. வட்டுப்படிமம் அக்கருவியைப் படியெடுக்காது. பழைய கணினியை அப்புறப்படுத்துமுன், அதில் செருகியுள்ள சிறு கருவிகளையும் படிமத்தோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும்.

7. மெய்நிகர் கணினியில் மீட்பு

பழைய இயங்குதளத்தைப் புதிய கணினியில் நேரடியாக மீட்பது பலவேளை இயலாது; உரிய இயக்கிகள் கிடைப்பதில்லை. இந்நிலையில் மெய்நிகர் கணினி உதவுகிறது. வர்ச்சுவல்பாக்ஸ், கியூஎமு ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் ஒரு கணினிக்குள் மற்றொரு கணினியைப் போலச் செய்து காட்டுகின்றன. பழைய வட்டின் முழுப்படிமத்தை அவை ஏற்கும் வடிவத்திற்கு மாற்றி இணைத்தால், இயக்கிகளில் சில மாற்றங்கள் செய்தபின், விண்டோஸ் 98 அல்லது எக்ஸ்பி கணினி தன் எழுத்துருக்களோடும் மென்பொருள்களோடும் சாளரம் ஒன்றினுள் எழும்.

எக்ஸ்பி இயங்குதளத்திற்கான பொதுவான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிவுற்றதால், இவ்வாறு எழும் கணினியை வலையில் இணைக்கலாகாது. அதனுள் ஆவணங்களைத் திறந்து, பக்க வடிவத்தைப் பிடிஎஃப் கோப்பாகவும், உரையை ஒருங்குறிக்கு மாற்றியும் பெற வேண்டும். மாற்றிய உரையைப் பிடிஎஃப் பக்கத்தோடு வரிக்கு வரி ஒப்புநோக்க வேண்டும். சுவடியைப் படியெடுத்தபின் மூல ஓலையோடு ஒப்பிட்டுத் திருத்துவது தமிழ்ப் பதிப்பு மரபில் நன்கு அறியப்பட்ட பணி. கொம்பும் காலும் இடம்மாறுதல், கிரந்த எழுத்துகள் விடுபடுதல் போன்ற மாற்றிப் பிழைகள் இவ்வொப்பீட்டிலேயே வெளிப்படும்.

8. எண்ணிக்கையும் ஒத்திகையும்

மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்னும் 3-2-1 விதி இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. அவற்றுள் ஒன்றேனும் கணினியோடும் வலையோடும் இணையாதிருத்தல் நலம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. மீண்டும் வாங்கக்கூடிய அச்சு நூல்கள் அவற்றுள் பல. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் அவ்வாறு மீளவில்லை. டிரெஸ்டன் சுவடியின் மங்கிய பக்கங்களை இன்றும் படிக்க முடிவதற்கும் யாழ்ப்பாணத்தில் எரிந்த ஒற்றைப்படிகளைப் படிக்க முடியாமைக்கும் இடையே நிற்கும் வேறுபாடு, முன்னரே எடுக்கப்பட்ட படி ஒன்று வேறிடத்தில் இருந்ததும் இல்லாததுமே.

எண்ணிக்கை மட்டும் போதாது. ஆண்டுக்கொருமுறையேனும் உதிரி வட்டு ஒன்றில் படிமத்தை முழுமையாக எழுதி, அவ்வட்டைக் கொண்டு கணினியைத் துவக்கிப் பார்க்க வேண்டும். ஒரு பழைய தமிழ் ஆவணத்தைத் திறந்து, எழுத்துகள் சரியாகத் தோன்றுகின்றனவா எனக் காண வேண்டும். எவ்வளவு நேரம் ஆயிற்று, எந்த இயக்கி தேவைப்பட்டது, எந்த அமைவை மாற்ற நேர்ந்தது என்பவற்றைக் குறித்துவைக்க வேண்டும். இந்த ஒத்திகையைப் படிமம் எடுத்தவரல்லாத மற்றொருவர் எழுத்துக் குறிப்பை மட்டும் கொண்டு செய்வது சிறப்பு. மீட்பு தேவைப்படும் நாளில் முதலாமவர் பணியில் இல்லாதிருக்கலாம்.

முடிவுரை

இயங்குதள வட்டு நூலன்று. நூலைப் படிக்கவைக்கும் அமைப்பு. ஒருங்குறிக்கு முற்பட்ட தமிழ் ஆவணங்களைப் பொறுத்தவரை அவ்வமைப்பு இல்லையேல் ஆவணமும் இல்லை. பழைய தமிழ்த் தட்டச்சுக் கணினிகளை இன்னும் வைத்திருக்கும் அச்சகங்கள், இதழ் அலுவலகங்கள், கல்லூரித் தமிழ்த்துறைகள், புலம்பெயர் தமிழ்ப்பள்ளிகள் ஆகியன, அவற்றைக் கழிவுப்பொருளாக அகற்றுமுன் மூன்று பணிகளைச் செய்ய வேண்டும்: வட்டின் முழுப்படிமத்தை எடுத்தல், எழுத்துருக் கோப்புகளைத் தனியேயும் படியெடுத்தல், அப்படிமத்தை ஒரு மெய்நிகர் கணினியில் எழுப்பிப் பார்த்தல். முதலிரண்டும் ஓரிரு நாள்களில் முடியக்கூடியவை. மூன்றாவது சில வாரங்கள் கொள்ளலாம். எனினும் மூன்றாவது நிறைவேறிய பின்னரே முதலிரண்டையும் காப்புநகல் எனக் கொள்ளத்தகும். பழைய வன்தட்டுகள் ஆண்டுதோறும் ஓய்ந்துவருகின்றன. இப்பணிக்குரிய காலமும் அவற்றோடு சுருங்கிவருகிறது.